அசனத்துக்குப் போன பூசணி

எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தண்ணீர் இல்லை. ஆமத்தூர்ப் பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் சேறு காலை விடாது. பெய்யாவிட்டால் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் இவைதான் பாசனம். ஐம்பதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்து மிஷன் பள்ளி ஒன்றுக்கு அறிவியல் வாத்தியாராக மாற்றலாகி வந்தேன். பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டுக்குப் பின்னால் நாலைந்து சென்ட் இடம் சும்மா கிடந்தது. அதில் காய்கறி போடப் போகிறேன் என்றதும் தலைமையாசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே போட்டேன். எனக்கு அப்படி ஒரு குணம் உண்டு. நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன்.

என் மனைவி சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை பஸ்ஸில் போய்ச் சாயந்தரப் பஸ்ஸில் திரும்புவாள். கலியாணமாகி நான்கு வருஷத்தில் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது, மற்றது ஐந்தில். இரண்டு தடவையும் பத்தே நாளில் அவள் டூட்டிக்குத் திரும்பிவிட்டாள். நான் பள்ளியில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதுண்டு. அவள் அழுததை நான் பார்க்கவில்லை. அழவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

மூன்றாவது முறை உண்டானபோது ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லையே, தினம் கீரையும் காயும் சாப்பிடாமல் என் முன்னால் வந்து நிற்காதே என்று சொல்லி அனுப்பினார். இது ஆவணி மாதம். அதுவரை பொழுதுபோக்காக இருந்த தோட்டம் அன்றிலிருந்து கடமையாகிவிட்டது.

சந்தையில் கீரை கிடைக்காமல் இல்லை. சந்தைக் காயை அவள் தொட மாட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மலேரியா ஒழிப்புக்காரர்கள் வீடு வீடாக வந்து சுவரில் டி.டி.டி. அடித்துவிட்டுப் போகும் காலம் அது. அந்தத் தூளை எப்படியோ வாங்கிக் கத்தரிச் செடிக்குத் தூவ ஆரம்பித்திருந்தார்கள். புழு செத்தது, காய் பளபளத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். சரியாகக் கழுவாமல் குழம்பு வைத்த ஒரு குடும்பம் மொத்தமாக வாந்தியெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவள்தான் வாளியும் துடைப்பமுமாக நின்றாளாம். நான் கடப்பாரையை எடுத்த முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள்.

"நான் வாயில வைக்க யோசிக்கிற எதையும் மண்ணுல போடாதீக."

ஆட்டுப் புழுக்கையை வாயில் வைப்பாயா என்று கேட்டேன். ஆடு எதைத் தின்றது என்று தனக்குத் தெரியும் என்றாள்.

ஆக, ஆட்டுப் புழுக்கைதான். வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து கிடை ஆடுகள் எங்கள் ஊர் வழியாக மேய்ச்சலுக்குப் போகும். பின்னாலேயே கூடையோடு நான் போவேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் எதிரே வந்தால் வணக்கம் சார் என்பார்கள். கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் வணக்கம் சொல்வேன். புழுக்கையை ஊறப்போட்டுக் கரைத்து ஊற்றுவேன். கத்தரியில் அசுவினிப் பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பல், மண்ணில் புழு இருந்தால் வேப்பம் புண்ணாக்கு. புடலைப் பிஞ்சு வளையாமல் இறங்க நுனியில் கல் கட்டிவிடுவேன். இன்றைக்கு இதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்து, கடையில் தனித்தட்டில் அடுக்கி, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அன்று எங்களுக்கு அதற்குப் பெயர் எதுவும் தெரியாது. அவள் சட்டம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பூசணி விதை ஊன்றினேன். அது வீட்டுக்கு அல்ல, கோயிலுக்கு. எங்கள் சபையில் தை மாதம் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் நிலத்திலோ தோட்டத்திலோ விளைந்த முதற்பலனை வீட்டில் யாரும் ருசி பார்க்காமல் ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் வேப்ப மரத்தடியில் ஏலம். ஏலம் எடுத்தவர்கள் பாதிப் பொருளைத் திரும்பவும் அசனத்துக்கே கொடுத்துவிடுவார்கள். அசனம் என்றால் சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பொதுச் சாப்பாடு. யார் வீட்டுப் பொருளுக்கு ஏலம் ஏறிற்று என்று அடுத்த வருஷம்வரை பேச்சு இருக்கும். கர்த்தருக்குக் கொடுப்பதில் போட்டி வேண்டாம் என்று போதகர் ஆண்டுதோறும் பிரசங்கம் செய்வார். ஆண்டுதோறும் போட்டி இருக்கும்.

கார்த்திகையில் தீபாவளி சீசன் முடிந்த கையோடு பட்டாசுக் கம்பெனிகளில் ரூம்களைக் கூட்டிச் சுத்தம் செய்வார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பனார் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். மூட்டை கிழிந்து தரையில் சிந்திய வெள்ளை உப்பைக் கூட்டி ஒரு மண்ணெண்ணெய் டின்னில் எனக்குக் கொண்டுவந்தார். எங்கள் பகுதியில் இது புதிதல்ல. வெடியுப்பு செடிக்கு ஏறும் என்று கம்பெனியில் ஆள் இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னும் கூடவே தெரியும். வெடியுப்பில் தழைச்சத்து இருக்கிறது என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான்.

"இம்புட்டு எடுத்துக் கரைச்சு ஊத்துங்கய்யா. கொடி எங்கன போய் நிக்குதுன்னு பத்து நாள்ல பாருங்க" என்றார்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஊற்றினேன். முதலில் பூசணிக்கு மட்டும். பிறகு பாத்தியில் கீரை சோணியாக நின்றதால் அதற்கும் இரண்டு செம்பு. டின்னை விறகுக்குப் பின்னால் வைத்தேன். மறைத்தேன் என்பதுதான் சரியான சொல். அவள் போட்ட சட்டம் படிக்காதவர்களுக்குத்தான் என்றும், எனக்கு அறிவியல் தெரியும் என்றும் என்னிடமே வாதாடிக்கொண்டேன். கொடி நன்றாகவே ஓடியது. அது கரைசலாலா, அந்த வருஷம் தவறாமல் பெய்த மழையாலா, யார் கண்டது. பூசணி ஒரு ஆள் கட்டித் தூக்கும் அளவுக்குப் பருத்தது. சபையில் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தலைமையாசிரியரும் வந்தார். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

அவள் தினம் கீரை சாப்பிட்டாள். குமட்டுது, போதும் என்று தட்டைத் தள்ளுவாள். இன்னும் ஒரு கரண்டி என்று நான்தான் வைப்பேன். பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் விழுங்குகிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அந்த லோடுக்காரர் பூசணியைப் பார்க்க வந்தார். இன்னொரு டின் கொண்டுவந்திருந்தார். மெச்சிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்குக் குடுத்தது மத்தாப்பு ரூம்ல கூட்டுனதுய்யா. இதுதான் நெசமான வெடியுப்பு. ரெண்டும் வெள்ளைதான. செடிக்கு என்ன தெரியப்போகுது?"

அவரை வழியனுப்பிவிட்டு அடுக்களைக்குப் போனேன். விறகுக்குப் பின்னாலிருந்த பழைய டின்னில் ஒரு சிட்டிகை எடுத்து அடுப்புக் கங்கில் போட்டேன். வெடியுப்பாக இருந்தால் இளம் ஊதாவாக எரியும். எந்த உப்பு எந்த நிறத்தில் எரியும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் எட்டாம் வகுப்புக்கு நான் பாடம் எடுப்பேன். பையன்களுக்குப் பிடித்த பாடம் அது. கங்கு பச்சையாக எரிந்தது. இன்னொரு சிட்டிகை போட்டேன். அதுவும் பச்சை. பேரியம். பச்சை மத்தாப்புக்குப் போடுவது. இதன் பங்காளி உப்பு ஒன்றைத்தான் எலிக்கு விஷமாக வைக்கிறார்கள்.

நான் பயந்தேன். அந்தப் பயத்தை எந்த விதமாகச் சொன்னாலும் அது குறைவாகத்தான் இருக்கும். ஏறக்குறைய நாற்பது நாள் கீரை. அவளுக்கு அப்போது ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டும் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

அன்று மத்தியானமே கீரைப் பாத்தியை வேரோடு பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தேன். சாயந்தரம் அவள் வந்து கேட்டபோது, புழு விழுந்துவிட்டது, இலை பூராவும் முட்டை என்றேன். சரி என்று முகம் கழுவப் போனாள். வயிறு வலிக்கிறதா, மயக்கம் வருகிறதா என்று அன்றிரவு இரண்டு தடவை கேட்டேன். நர்ஸிடம் போய் இதையெல்லாம் கேட்கிறீர்களே என்று சிரித்தாள். மறுநாள் முதல் பள்ளிக்கூட முருங்கை மரத்திலிருந்து கீரை உருவிக்கொண்டு வந்தேன்.

பூசணியைப் பிடுங்கவில்லை.

இதைத்தான் நான் எழுத உட்கார்ந்தது. பூசணியை அறுத்துப் போட்டால் ஊருக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஊர் கேட்டால் அவளுக்கும் தெரியும். அதனால் எனக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேரில் ஊற்றியது இலையில் ஏறுகிற அளவு காயில் ஏறாது. தோல் தடிமன். ஒரு பூசணி நூறு இலைக்குப் போனால் ஆளுக்கு ஒரு துண்டுகூட வராது. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டினேன். இத்தனை சமாதானத்துக்கும் அடியில் ஒன்று கிடந்தது: அது என் வீட்டு வாய்க்குப் போகாது. முதற்பலனை வீட்டார் ருசி பார்க்கக் கூடாது என்ற முறை அப்போது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பண்டிகையன்று பூசணியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். போதகர் எல்லாப் பொருளையும் சேர்த்து ஜெபம் செய்தார். நான் கண்ணை மூடவில்லை. அந்தப் பூசணி யார் வீட்டு அடுப்புக்குப் போகும் என்று அப்போதுதான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முன் வரிசையில் மூன்று கைக்குழந்தைகள் இருந்தன. அந்த நிமிஷம் ஒரு முடிவுக்கு வந்தேன். என் பூசணியை நானே ஏலத்தில் எடுத்துவிடுவது, கொண்டுபோய்ப் புதைத்துவிடுவது.

ஏலம் போட்டவர் கோயில்பிள்ளை. ஆலயத்தில் மணியடித்து, கூட்டிப் பெருக்கி, இப்படி எல்லா வேலையும் பார்ப்பவர். நல்ல குரல். பூசணியைத் தட்டிக் காட்டி ஆரம்ப விலை கேட்டார். நான் கேட்டேன். கூட்டம் சிரித்தது. சொந்தப் பொருளைச் சொந்தக்காரனே கேட்பது எங்கள் ஏலத்தில் வழக்கமில்லை. விருந்தினராக வந்திருந்த பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் ஏற்றிக் கேட்டார். அவர் எங்கள் சபை அல்ல. நல்ல மனுஷர், ஆண்டுதோறும் வந்து ஏதாவது ஒன்றை ஏற்றி எடுத்து அசனத்துக்குக் கொடுத்துவிட்டுப் போவார். நான் மேலே போனேன். அவரும் போனார். வாத்தியாருக்கு இன்று பக்தி முற்றிவிட்டது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியதும் என் வாய் நின்றுவிட்டது. அந்தச் சமயத்திலும் கை இறுக்கம் போகவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். மூன்று தரம் சொல்லிக் கோயில்பிள்ளை தட்டினார். முதலாளி எழுந்து கும்பிட்டுவிட்டு, இது அசனத்துக்கு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கோயிலுக்குப் பின்னால் அடுப்பில் கிடாரம் ஏற்றியிருந்தது. பெண்கள் வட்டமாக அரிவாள்மணை போட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் அங்கேதான் இருந்தாள். பூசணியை உருட்டிக்கொண்டு போனதும், வாத்தியார் வீட்டுப் பூசணியை வாத்தியார் வீட்டம்மாவே வெட்டட்டும் என்று அவள் முன்னால் வைத்துவிட்டார்கள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கத்தியை வாங்கினாள். நான் போய் அவள் பக்கத்தில் குந்தினேன்.

"அதை வெட்டாதே" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். அவள் காதில் மட்டும் விழும்படி சொன்னேன். டின், மத்தாப்பு ரூம், பச்சைக் கங்கு எல்லாம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆஸ்பத்திரியில் மோசமான கேஸ் வரும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

"கீரைக்கும் ஊத்துனீகளா?"

ஊற்றினேன் என்றேன்.

"என்னைக்குத் தெரிஞ்சது?"

கீரையைப் பிடுங்கின அன்றைக்கு என்றேன். அவள் பூசணியையும் என்னையும் பார்த்தாள்.

"எம் பிள்ளைக்கு ஆகாதுன்னு கீரையப் பிடுங்குனீக. ஊராம் பிள்ளைக்கு ஆகும்னு இதத் தூக்கிட்டு வந்தீகளோ?"

ஏலம் எடுத்தேனே, முயற்சி பண்ணினேனே என்று ஏதோ சொன்னேன். அவள் எழுந்துவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அது உங்களக் காட்டிக் குடுத்ததா இருக்கும்."

போனேன். வேப்ப மரத்தடியில் கோயில்பிள்ளை நின்ற அதே இடத்தில் நின்று சொன்னேன். நூற்றைம்பது பேருக்கு முன்னால், தினம் வகுப்பில் பேசுகிறவன் சொன்னது பின்னால் கேட்கவில்லை என்றார்கள்; இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனியில் கூட்டின விஷ உப்பை வெடியுப்பு என்று நினைத்து ஊற்றிவிட்டேன், பூசணியைச் சமைக்கக் கூடாது, தெரிந்தும் கொண்டுவந்தேன் என்றேன். முதலாளி எந்தக் கம்பெனி என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அந்த ஒரு பொய்யைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. லோடுக்காரருக்கு நாலு பிள்ளைகள்.

திட்டுவார்கள் என்று நின்றேன். சபைச் செயலாளர் மெள்ள நடந்துபோய், நறுக்கக் குவித்திருந்த காயிலிருந்து தன் வீட்டுப் புடலங்காய் இரண்டை உருவி எடுத்து ஓரமாக வைத்தார். அவர் மருமகன் கம்பெனியில் ஃபோர்மேன். அடுத்து ஒரு அம்மா வந்து தன் சுரைக்காயை எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக. ஒருவரை ஒருவர் பார்க்காமல், குனிந்து தங்கள் காயைத் தேடி எடுத்துக்கொண்டு விலகினார்கள். தலைமையாசிரியர் கத்தரிக்காய் ஒரு கூடை. யார் வீட்டு டின்னில் எது இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் குவியலில் முருங்கைக்காயும் கொஞ்சம் கருணைக்கிழங்கும் மிஞ்சின. அந்த வருஷ அசனத்துக்கு முருங்கைக்காய்ச் சாம்பாரும் அப்பளமும்தான். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் அவள் தானே டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று சொல்வதற்கில்லை, ஒன்றுமே போகாமலும் இருக்கலாம், காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றாராம். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கும் விடை தெரியாது. பாத்தி மண்ணை முழ ஆழத்துக்கு வெட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாள். கொட்டினேன். புது மண் போட்டாள், விதை தூவினாள், தண்ணீர் விட்டாள், எல்லாம் அவளே செய்தாள். நான் தோட்டப் பக்கம் போகாமல் நடையில் உட்கார்ந்திருப்பேன். சண்டை இல்லை. சாப்பிட வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு, மழை வருது, துணியை எடுங்க என்று வேண்டியதெல்லாம் பேசினாள். அவள் சண்டை போட்டிருக்கலாம் என்று நான் ஏங்கின இரண்டு மாதம் அது. ராத்திரி பிள்ளை புரண்டால் முன்பெல்லாம் என் கையை எடுத்து வயிற்றில் வைப்பாள். அதை நிறுத்தியிருந்தாள்.

பங்குனியில் பிறந்தது. பெண். டாக்டரம்மா தலை முதல் கால்வரை தட்டிப் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். அதைக் கேட்டுவிட்டு வராண்டாவில் நின்று சத்தமாகவே அழுதேன். அங்கிருந்த நர்ஸுகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். குனிந்து தூக்கப் போனேன். அவள் குழந்தையைத் தன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டாள்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

எந்த நர்ஸும் எந்தத் தகப்பனிடமும் சொல்வதுதான். மூலையில் சோப்பும் வாளியும் இருந்தன. முழங்கைவரை கழுவினேன். திரும்பி வந்தபோது அவள் என் கையைப் பார்த்தபடி இருந்தாள். மறுபடியும் போய்க் கழுவிவிட்டு வந்தேன்.